எந்தச் சிகிச்சை முதலில்?

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் அம்மாவுடன் வசிக்கிறேன். என் தம்பிக்கு 34 வயது. பல ஆண்டுகளாக ‘ஷுகர்ஸ்’ என்ற போதைப்பொருளைப் புகைக்கிறான். சென்ற மாதம் கிளினிக்கில் அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இரவில் உறங்குவதில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்கிறான். மறுவாழ்வு மையத்தில் முதலில் மனத்தைச் சரிசெய்து வரச் சொல்கிறார்கள். மனநல மருத்துவர் போதையை விட்டபின் வரச் சொல்கிறார். கிளினிக்கில் மாத்திரை கொடுத்ததோடு சரி. அம்மா அவனுக்குத் தனித் தட்டும் தம்ளரும் வைத்துவிட்டார். காவடி எடுத்தால் எல்லாம் தீரும் என்கிறார். நான் எதை முதலில் செய்வது?
— ஒரு சகோதரி, டர்பன்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தம்பி சொன்ன அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று அவரிடம் இன்றே நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல் ஆர்.கே. கான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் 0800 567 567 என்ற தற்கொலைத் தடுப்பு உதவிக்கான இலவச எண்ணில் பேசலாம். அவர் வர மறுத்து, உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால், குடும்பத்தினர் விண்ணப்பித்து மருத்துவமனையில் 72 மணி நேரம் வைத்துப் பரிசோதிக்க 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழி செய்கிறது.

அந்த ஆபத்து இல்லையென்றால், மூன்று சிகிச்சைகளையும் ஒரே காலத்தில் தொடங்க வேண்டும் என்பதே என் பதில். ஒன்று முடிந்தபின்தான் மற்றொன்று என்று மூன்று இடத்திலும் திருப்பி அனுப்பினால், அவருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கப்போவதில்லை. போதைப் பழக்கம் இருப்பது எச்.ஐ.வி. மாத்திரையைத் தள்ளிப்போடக் காரணமாகாது. 2016 செப்டம்பர் முதல் தென்னாப்பிரிக்க அரசு மருத்துவத்தில், தொற்று உறுதியான எவருக்கும் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் (சி.டி.4) எண்ணிக்கையைப் பாராமல் இலவசமாக மாத்திரை தரப்படுகிறது. மனச்சோர்வும் அப்படித்தான்: உறக்கமின்றி, வாழ்வில் பிடிப்பின்றி இருப்பவர் போதையை விடவும் மாட்டார், மாத்திரையைத் தவறாமல் போடவும் மாட்டார்.

இன்னொரு காரணம் மருந்துகளின் சேர்க்கை. குடும்பங்கள் இதை அறியாமலிருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஷுகர்ஸில் இருப்பது பெரும்பாலும் மட்டரக ஹெராயின். அதை விடுவதற்கு நன்கு நிரூபிக்கப்பட்ட மருந்து மெத்தடோன். உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும், மனநலப் பிரிவில் சிலருக்குத் தரும் கார்பமசெப்பினும் உடலில் மெத்தடோனின் அளவைக் குறைத்துவிடும். அப்போது கை கால் குடைச்சலும் வயிற்றுப் பிடிப்பும் வந்து, ‘இந்த மருந்து எனக்கு ஒத்துவரவில்லை’ என்று அவர் மீண்டும் தெருவுக்குப் போவார். அதே இரு மருந்துகளும் இன்றைய எச்.ஐ.வி. மாத்திரையிலுள்ள டொலுடெக்ராவிரையும் குறைக்கும்; ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு அதை நாளுக்கு இருமுறை தரவேண்டியிருக்கும். ஒரு மருத்துவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாவிட்டால் மூன்று சிகிச்சையும் கெடும். ஆகவே எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரே நோட்டில் எழுதி, ஒவ்வொரு சந்திப்பிலும் மருத்துவர் முன் திறந்து வையுங்கள். புதிய மருந்து எழுதும்போது ‘இது மற்றவற்றோடு சேருமா’ என்று கேளுங்கள்.

மூன்றையும் ஒரு கூரையின் கீழ் பார்க்கும் இடங்கள் குறைவு. 2020 ஊரடங்கில் டர்பனில் வீடற்றோர் முகாம்களில் மெத்தடோன் தரப்பட்டது. அதையொட்டி நகரில், போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு உதவும் பெல்ஹேவன் நிலையம் தொடங்கியது. இப்போது என்னென்ன சேவைகள் நடக்கின்றன என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். மது, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் அமைப்பான சான்காவின் (SANCA) டர்பன் கிளையிலும் விசாரியுங்கள். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள் என்று அவர் கூசினால், வேறு பகுதி கிளினிக்குக்கு மாற்றக் கேட்கலாம். இந்த நோய் நம் வீடுகளுக்கு வராது என்று நம் மக்கள் நெடுங்காலம் நம்பியதால்தான் பலர் பரிசோதனைக்கே போகாமல் காலம் தாழ்த்துகிறார்கள். அந்தக் கூச்சத்தைக் குறையாகக் கொள்ளாதீர்கள்.

அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். தட்டாலும் தம்ளராலும் கழிவறையாலும் எச்.ஐ.வி. தொற்றாது. மாத்திரையைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்கு வந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலமும் மற்றவருக்குப் பரவாது. வீட்டுக்கு வெளியே யாரிடம் சொல்வது என்பதை அவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். நீங்களோ அம்மாவோ உறவினரிடம் சொல்லக்கூடாது.

காவடி எடுக்கட்டும்; நேர்த்திக்கடனை நான் ஒருபோதும் இலேசாக நினைத்ததில்லை. விரத நாட்களில் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. வேளை மாறுமானால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: சில நாட்கள் போதையை நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. விரதம் முடிந்ததும், மறுவாழ்வு மையத்திலிருந்து வந்ததும், பழைய அளவையே எடுத்து மூச்சு நின்று இறந்தவர்கள் உண்டு. அந்த வாரங்களில் அவர் அருகில் யாராவது இருங்கள். மூச்சு மந்தமாகி, எழுப்பியும் எழாவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். இதை மருத்துவரிடமும் பேசி, ஹெராயின் மிகையாகி மூச்சு மந்தமானால் அதை மீட்கும் மருந்தான நலாக்சோன் கிடைக்குமா என்று அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள்.