பதில்: கீழ்த்தளத்தில் உள்ள கேகல் தடத்தை இடிக்கலாமா?

வணக்கம். டோர்ட்முண்டில் குத்தகைக்கு எடுக்கும் உணவகத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பழைய கேகல் தடத்தை (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஜெர்மன் விளையாட்டுக்கான தடம்) இடித்துச் சாமான் அறை ஆக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இடிக்காதீர்கள்.

ஜெர்மனியில் கேகல் குழுக்கள் குறித்த நாளில் தவறாமல் வரும். தடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கிடைக்கும். ஆனால் நல்ல வருமானம் சாப்பாட்டிலும் பியரிலும்தான். பந்து ஓரப் பள்ளத்தில் விழுந்தால் அபராதம் போட்டுப் பொது உண்டியல் சேர்ப்பார்கள், அதில் சேர்ந்தே சுற்றுலா போவார்கள். அப்படிப் பழகிய கூட்டம் லேசில் இடம் மாறாது.

பழைய குழுக்கள் குறைந்து வருவது உண்மை. ஆனாலும் 9 கட்டைதான், பந்திலும் பொதுவாக விரல் துளை கிடையாது, சிறுவர்களும் உருட்டலாம். பிறந்தநாள் விழாக்களுக்கு அருமையான இடம்.

கையெழுத்துப் போடுமுன், கட்டைகளை நிறுத்தும் இயந்திரத்தைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இப்போது நடத்துபவரிடம் எந்தக் குழு எந்த நாளில் வருகிறது என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.