நிலைக்குள் நுழையாத மூன்று சக்கரம்: வாசகர் கேள்விகள்

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, காலை நீட்டிச் சாய்ந்து ஓட்டும் இருக்கை: இப்படிப்பட்ட மூன்று சக்கர சைக்கிளை, அதாவது ட்ரைக்கை, வீட்டில் எங்கே, எப்படி வைப்பது என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

லண்டன் வாசகர்: ட்ரைக்கின் முன் அகலம் 80 செ.மீ. அறைக் கதவு 76 செ.மீ. கொஞ்சம் சாய்த்தால் உள்ளே போகுமா? மடிக்கும் மாடலாக மாற்றிக்கொள்ளலாமா?

முதலில் அளவைச் சரிபாருங்கள். 76 என்பது கதவுப் பலகையின் அகலம். நிலையின் (கதவுச் சட்டத்தின்) விளிம்பும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக, உங்களுக்குக் கிடைப்பது 71, 72 செ.மீ.தான். டேப்பை நிலைக்குள் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

கொஞ்சம் சாய்ப்பது உதவாது, நிலைமை மோசமாகும். முன்பக்கத்தை 80 அகலம், 50 உயரம் உள்ள பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள் (20 அங்குலச் சக்கரத்தின் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவு). 30 டிகிரி சாய்த்தால் அந்தப் பெட்டி அடைக்கும் அகலம் 94 செ.மீ. ஆகிவிடும். ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைய முயன்று நிலையில் கீறல் விழுவது இதனால்தான்.

வழி இதுதான்: ட்ரைக்கைப் பின்சக்கரத்தின் மேல் செங்குத்தாக நிமிர்த்துங்கள். பிறகு பக்கவாட்டில் திருப்பி, ஒரு முன்சக்கரம் முதலில் போகும்படி நுழையுங்கள். இப்போது நிலையைக் கடப்பது 80 செ.மீ. அகலம் அல்ல, தரையிலிருந்து இருக்கையின் உச்சி வரையுள்ள உயரம். தலைச்சாய்வைக் கழற்றிவிட்டால் பல மாடல்களில் அது 60 முதல் 65 செ.மீ. உங்கள் வண்டியில் எவ்வளவு என்று முன்பே அளந்துவிடுங்கள். கொடிக்கம்பு, கண்ணாடி ஆகியவற்றையும் கழற்றுங்கள். ஹேண்டில்பாரை நேராக வைத்து, வெல்க்ரோ பட்டையால் சட்டத்தோடு கட்டுங்கள். கட்டாவிட்டால் சக்கரங்கள் திரும்பி நிலையில் இடிக்கும். வண்டி இப்படி நிமிர்ந்திருக்கும்போது பின்சக்கரம் பக்கவாட்டில் உருளாது. அதன் கீழ் ஒரு பழைய கால்மிதியை மடித்து வைத்து இழுத்தால் மரத்தரையிலும் டைல்ஸிலும் எளிதாக வழுக்கிப் போகும்.

மடிக்கும் மாடலுக்காகச் செலவு செய்யுமுன் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான மாடல்களில் மடிப்பு குறைப்பது நீளத்தை மட்டுமே. முன் அச்சு அப்படியே இருப்பதால் 80 செ.மீ. 80 ஆகவே நிற்கும். காரின் டிக்கியில் வைக்க மடிப்பு அருமையான வசதி, அறைக் கதவுக்கு அது தீர்வாகாது.

அதே வாசகர்: நிமிர்த்தும்போது எங்கே பிடிப்பது? இடுப்பு வலி உண்டு.

இடுப்புக்காகவே ட்ரைக் வாங்கியவர்கள் பலர். அதனால் இதைக் கவனமாகச் செய்யுங்கள். மின்மோட்டார் இல்லாத வண்டியே 16 முதல் 20 கிலோ இருக்கும். மோட்டார் இருந்தால் பேட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள், மூன்று கிலோ அளவுக்குக் குறையும். பெடலைத் தாங்கும் கிராங்க் கைகளில் ஒன்றைப் பட்டையால் சட்டத்தோடு கட்டுங்கள். இல்லாவிட்டால் தூக்கும்போது பெடல் சுழன்று முழங்காலில் அடிக்கும். முன்னால் நீளும் குழாயின் அருகே பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் அந்தக் குழாயையும் மறு கையால் முன் அச்சுக்குச் செல்லும் குறுக்குச் சட்டத்தையும் பிடித்து, முழங்காலை மடக்கி எழுங்கள்.

இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் மெல்லிய டை ராடை மட்டும் ஒருபோதும் பிடிக்காதீர்கள். அது சற்று வளைந்தாலும் சக்கரங்களின் இணைநிலை கெட்டு, டயர் சில நூறு கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோகும். தூக்கிப் பல நாள் கழித்து டயர் தேய்வதால் காரணம் எது என்று யாருக்கும் தோன்றாது.

வீட்டுக்குள் சும்மா இடம் மாற்ற நிமிர்த்த வேண்டியதே இல்லை. பின்பக்கம்தான் எடை குறைவு. கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி, முன்சக்கரங்கள் உருளப் பின்னோக்கி இழுத்துப் போங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: சுவரோரம் நிமிர்த்தி வைத்தால் மெதுவாக வழுக்கி இறங்கிவிடுகிறது. பார்க்கிங் பிரேக் போட்டும் நிற்கவில்லை.

பெரும்பாலான ட்ரைக்குகளில் பார்க்கிங் பிரேக் முன்சக்கரங்களில்தான் பிடிக்கும். நிமிர்ந்து நிற்கும் வண்டிக்கு அவை அந்தரத்தில் இருக்கின்றன. தரையில் இருப்பதோ பிரேக் இல்லாத பின்சக்கரம். ஆகவே பின்சக்கரத்தின் விளிம்பையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டையால் இறுக்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நிமிர்ந்ததும் இருக்கையின் முதுகு, பின்சக்கரத்தைத் தாண்டிச் சுவர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இருக்கை சுவரில் முட்டி, சக்கரத்தை வெளியே தள்ளும். எனவே 15, 20 செ.மீ. இடைவெளி விட்டு, சக்கரத்தின் வெளிப்பக்கம் ஒரு மரக்கட்டையைத் தடையாக வையுங்கள். குறுக்குச் சட்டம் நிற்கும் உயரத்தில் சுவரில் ஓர் ஆங்கர் கொக்கி அடித்துப் பட்டையால் கட்டிவிட்டால் குழந்தைகள் இழுத்தாலும் சாயாது. பின் மட்கார்டின் நுனி தரையில் ஊன்றுகிறதா என்று பாருங்கள். ஊன்றினால் விரிசல் விடும். மட்கார்டைச் சற்று முன்னே தள்ளிப் பொருத்த வேண்டும்.

ஹைட்ராலிக் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தால் பிடிப்பது) உள்ள வண்டி பல நாள் நிமிர்ந்து நின்றால் சிலவற்றில் பிரேக் பிடி மெத்தென்று ஆகும். எண்ணெயில் தங்கியிருந்த காற்றுக்குமிழி குழாய்க்குள் நகர்ந்திருக்கிறது என்று பொருள். வண்டியைத் தரையில் வைத்துப் பிடியைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். இறுகாவிட்டால் ஓட்டாதீர்கள், பிரேக்கை ப்ளீட் செய்ய வேண்டும், அதாவது உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும்.

டொரன்டோ வாசகர்: குளிர்காலம் முழுக்கக் கராஜ் கூரையில் தொங்கவிடலாமா?

தாராளமாக. நான்கு கொக்கிக் கப்பித் தொகுப்பு வாங்கும்போது அதன் எடைத்தாங்குதிறனைப் பாருங்கள், 45 கிலோ போதும். திருகுகள் கூரையின் மரச்சட்டத்தில் இறங்க வேண்டும்; ஜிப்சம் பலகை இந்த எடையைத் தாங்காது. பட்டைகளைக் குறுக்குச் சட்டத்தின் இரு கைகளிலும், முன் குழாயிலும், பின்சக்கரத்துக்கு முன்னுள்ள சட்டத்திலும் போடுங்கள். இருக்கையின் வலைத்துணியில் போட்டால் சில மாதங்களில் தையல் விட்டுவிடும்.

பேட்டரியைப் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். வெளியே இருந்து கொண்டுவந்ததும் சில மணி நேரம் அறைச் சூட்டில் விட்டுப் பிறகே சார்ஜரைச் செருகுங்கள்.

சென்னை வாசகர்: கடலோர வீடு, பால்கனியில்தான் இடம். உறை போட்டால் போதுமா?

தரை வரை இழுத்து மூடிய பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைபிடிக்கும். காற்றுப் புகும் துணி உறையே நல்லது. வெயில் நேராக விழும் பக்கத்தில் டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு விழும், இருக்கை வலை இற்றுப்போகும்.

அதிகக் கவனம் செயினுக்கு வேண்டும். சாதாரண சைக்கிளைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு நீளம் அது, பாதிக்கு மேல் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் ஓடுகிறது. மழையில் நனைந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் தங்கி, வெளியே பளபளப்பாகத் தெரியும் செயின் உள்ளே துருப்பிடிக்கும். நனைந்த அன்றே வண்டியை நிமிர்த்தி வையுங்கள், தண்ணீர் வடிந்துவிடும். அரை மணி கழித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி செயினை உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: பின்னால் இரண்டு சக்கரம் உள்ள ட்ரைக்குக்கும் இதே முறைதானா?

நிமிர்த்துவது இன்னும் எளிது, அடியில் இரண்டு சக்கரம் ஊன்றுவதால் பக்கவாட்டில் சாயாது. ஜெர்மனியின் ஹாஸ நிறுவனத்தின் கெட்வீசல் போன்றவற்றை அப்படியே நிமிர்த்தி நிறுத்தலாம். கதவுக் கணக்கில் மட்டும் ஒரு வேறுபாடு: முன் அகலத்துக்குப் பதிலாக அங்கே அளக்க வேண்டியது பின் அச்சின் அகலம்.