கிட்டாரின் சிறு பாகங்களை மாற்றினால் ஒலி மேம்படுமா?

கேள்வி: என்னுடைய விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எலும்பு நட் (கழுத்தின் முனையில் தந்திகள் பதியும் பள்ளமிட்ட துண்டு), எஃகு பிரிட்ஜ் பிளாக் (தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் அடியிலுள்ள உலோகக் கட்டை), புதிய டியூனர்கள் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுகள்) ஆகியவற்றைப் பொருத்தினால் ஒலி மேம்படும் என்கிறார்கள். செலவழிக்கலாமா?

பதில்: ஒலியைவிடச் சுருதிதான் மேம்படும். ஆம்ப்ளிஃபயருக்குச் செல்வது, எஃகுத் தந்தியின் அதிர்வு, தந்திகளுக்கு அடியிலுள்ள பிக்கப் என்ற காந்த உணரியின் காந்தப்புலத்தைக் கலைப்பதால் கம்பிச்சுருளில் தோன்றும் மின்னோட்டமே. ஆகவே அந்த அதிர்வைத் தொடாத பாகம் எத்தனை விலையானாலும் பயனில்லை. நட்டின் பொருள் திறந்த தந்தியில் மட்டுமே நேரடியாகக் கேட்கும். ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) தந்தியை விரலால் அழுத்தியதும் அதன் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆனால் டியூனரைத் திருகும்போது ‘டிக்’கென்று சத்தம் எழுந்தால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். அங்கே பென்சில் கரியைப் பூசிப் பாருங்கள். புதிய டியூனருக்கான செலவே மிச்சமாகக்கூடும்.

1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரில் எஃகு பிளாக் இருந்தது என்பது உண்மைதான். எனினும், துத்தநாகக் கலவைக்குப் பதிலாக அதைப் பொருத்துவதால் வரும் வேறுபாடு, பழைய தந்திகளை மாற்றுவதால் வருவதைவிட மிகச் சிறியது என்பதே என் கருத்து. ஒலியளவுக் குமிழின் அடியிலுள்ள மாறும் மின்தடையை (வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர்) 250 கிலோஓமுக்குப் பதிலாக 500 கிலோஓமாக வைத்தால் மேல் ஸ்தாயி ஒலி தெளிவாகக் கூடும். பிக்கப்பின் உயரத்தைத் திருத்தவோ ஸ்குரூடிரைவர் ஒன்றே போதும்.