பாடத்தில் விடையைத் தேடச் சொன்னால் பிள்ளைகள் முதல் வரியிலிருந்து படிக்கிறார்கள். வேகமாகத் தேடிப் படிக்க எப்படிப் பழக்குவது?

4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கும் கீழே அவசரப்பட வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் அரைகுறையாகப் பார்த்துவிட்டு யூகிக்கத்தான் பழகும். புதிய பத்தி ஒன்றைத் திக்காமல் வாய்விட்டுப் படிக்க வந்ததும் ஆரம்பிக்கலாம்.

'நிமிடத்துக்கு ஆயிரம் வார்த்தை' வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். கண் கூர்மையாகப் பார்ப்பது ஏறத்தாழ 2 டிகிரி அகலத்தைத்தான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த விரலின் அகலம் அவ்வளவு. பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் யாரும் படித்துவிட முடியாது. தேவையில்லாததைத் துணிந்து விட்டுவிடுவதில்தான் வேகம் வருகிறது.

எதை விடலாம் என்று தெரிய, முதலில் கேள்வி புரிய வேண்டும். புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். கேள்வியைப் படித்து, விடை எந்த உருவத்தில் இருக்கும் என்று பிள்ளையே சொல்லட்டும். 'எப்போது' என்றால் நான்கு இலக்க எண்ணோ மாதப் பெயரோ. 'எவ்வளவு' என்றால் எண், பக்கத்திலேயே கி.மீ., லிட்டர் மாதிரி ஓர் அலகு. 'ஏன்' என்றால் 'ஆல்', 'காரணமாக', 'எனவே'. 'யார்'தான் கொஞ்சம் கஷ்டம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைப் பார்த்தே பெயரைப் பிடித்துவிடலாம், தமிழில் அந்த வசதி கிடையாது. இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியைத் தேடலாம். இல்லாவிட்டால் 'தொடங்கினார்', 'எழுதினார்' என்று 'ஆர்' விகுதியில் முடியும் வினையைப் பிடித்து, அந்த வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போகலாம்.

தமிழில் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது சொல் உருமாறும் இடத்தில். கேள்வியில் 'ஆறு' என்றிருக்கும், பத்தியில் அது 'ஆற்றின்' ஆகியிருக்கும். குளம் குளத்தில் ஆகும், நாடு நாட்டை ஆகும். சொல்லை முழுசாக மனதில் வைத்துக்கொண்டு தேடுகிற பிள்ளை அதன் மேலேயே கண்ணை ஓட்டிவிட்டு 'இல்லை மிஸ்' என்று சொல்லும். சின்னச் சொல்லானால் முதல் எழுத்து, நீளமானதானால் முதல் இரண்டு மூன்று எழுத்து, அதை மட்டும் பிடித்துக்கொண்டு தேடப் பழக்குங்கள். தேடும் முன் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதி, அது எப்படியெல்லாம் மாறி வரும் என்று ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

இந்தப் பத்தியைப் பாருங்கள்: '1939-இல் சென்னை மேயரான எஸ். சத்தியமூர்த்தி, நகரின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்தைக் கட்ட முயற்சி எடுத்தார். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இது, 1944-இல் முடிந்தது.' பூண்டி நீர்த்தேக்கம் எந்த ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது என்று கேட்டால் பலர் 1939 என்றே எழுதுவார்கள். முதலில் கண்ணில் பட்ட ஆண்டு அதுதான், பக்கத்தில் 'பூண்டி' வேறு இருக்கிறது. சரியான வாக்கியத்தில் 'பூண்டி' என்ற சொல்லே இல்லை, 'இது'தான் இருக்கிறது. ஆகவே கண்டுபிடித்ததும் விரலை அங்கேயே வைத்து, அந்த வாக்கியத்தையும் அதற்கு முந்தையதையும் மெதுவாக, முழுசாகப் படித்த பிறகே எழுத வேண்டும். தேடுவதில் வேகம், கிடைத்த இடத்தில் நிதானம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பயிற்சியைச் செய்தித்தாளில் தொடங்குங்கள். வரி குறுகலாக இருப்பதால் விரலை நடுவில் மேலிருந்து கீழே இழுத்தாலே போதும். பாடப்புத்தகத்தில் வரி அகலம், அங்கே பென்சிலை இடமும் வலமுமாகச் சாய்த்துக்கொண்டு இறங்க வேண்டும். உதடு அசைந்தால் பிள்ளை இன்னும் ஒவ்வொரு சொல்லாகத்தான் படிக்கிறது என்று அர்த்தம்.

அட்டவணையில் தேடப் பழக்கச் சென்னை மின்சார ரயில் நேரப் பட்டியல் அருமையான பொருள். ஓர் அளவுகோலை நிலையத்தின் வரிசையிலும் இன்னொன்றை வண்டியின் வரிசையிலும் வைத்தால் இரண்டும் சந்திக்கும் இடம்தான் நேரம். தாம்பரம்–பீச் பக்கத்தில் பார்க்க வேண்டியதைப் பீச்–தாம்பரம் பக்கத்தில் பார்ப்பதுதான் வழக்கமான தவறு, தலைப்பை முதலில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு இபி பில்லில் கடைசித் தேதி, பிஸ்கட் பாக்கெட்டில் எடை, இவையும் ஆகும். அகராதி என்றால் புள்ளி எழுத்து முன்னால் வரும் என்று சொல்லிவிடுங்கள்: 'அகல்' பின்னால், 'அக்கறை' முன்னால். இது தெரியாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள்.

வாரம் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம், ஐந்து கேள்வி. முதல் இரண்டு வாரம் கடிகாரமே வேண்டாம், பிறகு ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வையுங்கள். ஐந்தில் ஒன்று விடையே இல்லாத கேள்வியாக இருக்கட்டும். 'இதில் இல்லை' என்று எழுதத் தெரிந்த பிள்ளை யூகிப்பதை நிறுத்திவிடும்.

கணக்குப் பாடத்தில் மட்டும் இந்தப் பழக்கத்தை உள்ளே விடாதீர்கள். 'ரவியிடம் 12 மாங்காய், அது சீதாவிடம் இருப்பதைவிட 4 அதிகம். சீதாவிடம் எத்தனை?' என்பதில் எண்ணையும் 'அதிகம்' என்பதையும் மட்டும் பொறுக்கி, கூட்டி 16 என்று பிள்ளை எழுதிவிடும், சரியான விடை 8.