கேள்வி – பதில்: காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

கேள்வி: தேர்தல், நீதிமன்றம், சுதந்திரமான பத்திரிகைகள் எல்லாம் உள்ள நாட்டில் சட்டத்தின் முன் அனைவரும் சமம்தானே? பிறகும் பாகுபாடு, உரிமை மீறல் என்று பேசுவது மிகையாகத் தோன்றுகிறது.
– ஒரு வாசகர்

பதில்: மிகை இல்லை ஐயா. நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் அனைத்தும் உள்ள நாடு அது.

குழந்தையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அங்கே அரசு உதவித்தொகை தருகிறது. இதில் மோசடி நடப்பதாகக் கருதிய வரித்துறை, எந்த விண்ணப்பத்தைச் சந்தேகிப்பது என்று கணிக்க ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தியது. விண்ணப்பித்தவர் நெதர்லாந்துக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதையும் அந்த நிரல் கணக்கில் எடுத்துக்கொண்டது. சந்தேக வளையத்துக்குள் வந்தவர்களின் கதி கொடுமையானது. ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலும், காப்பகக் கட்டணத்தில் தங்கள் பங்கில் சிறு தொகை பாக்கி இருந்தாலும், ஆண்டு முழுவதும் வாங்கிய உதவியைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பல குடும்பங்களுக்கு அது பல்லாயிரம் யூரோ. வேலை இழந்தார்கள், வீடு இழந்தார்கள், மணமுறிவுகள் நேர்ந்தன. நீதிமன்றத்துக்குப் போனவர்களுக்கும் வழி பிறக்கவில்லை. உயர்நிலை நிர்வாக நீதிமன்றமே 2019 வரை இந்தக் கடுமையை ஏற்றுக்கொண்டிருந்தது.

என்னை உறுத்திக்கொண்டே இருப்பது வேறொன்று. ‘எங்கள் மீது என்ன குற்றம்?’ என்று கேட்ட பெற்றோருக்குக் கோப்புகளைக் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசி மறைத்த கோப்புகள்! தன்னை ஏன் தண்டித்தார்கள் என்பதையே ஒருவர் தெரிந்துகொள்ள முடியாது என்றால், அவர் யாரிடம் போய் எதை மறுத்துப் பேசுவார்?

2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு தன் அறிக்கைக்கு ‘முன்னெப்போதும் இல்லாத அநீதி’ என்றே பெயர் வைத்தது. அடுத்த மாதம், அப்போது பிரதமராக இருந்த மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. 2021 இறுதியில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. உண்மை வெளியே வந்ததற்குப் பத்திரிகைகளும் சில நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாப்பிடியாக நின்றது காரணம். ஆகவே ஜனநாயகம் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால், ‘யாரும் வாய்விட்டு இழிவாகப் பேசவில்லையே, பிறகு பாகுபாடு எங்கே?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு படிவத்தின் ஒரு கட்டத்துக்குள்ளேயே அது இருக்கக்கூடும்.

கேள்வி: பெரும்பான்மையினர் வாக்களித்து எடுக்கும் முடிவைக் குறை சொல்வது ஜனநாயகத்துக்கு எதிரானது அல்லவா?
– கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-இல் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. மூன்றில் இரு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971-இல்தான் தேசிய அளவில் அந்த உரிமை கிடைத்தது. அப்போதும் அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலம் உள்ளூர்த் தேர்தல்களில் பெண்களைச் சேர்க்க மறுத்தது. 1990 ஏப்ரலில்கூட ஆண்கள் திறந்தவெளியில் கூடிக் கை உயர்த்தி மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகே பெண்கள் உள்ளே வந்தார்கள். உள்ளே விடலாமா என்ற முடிவை உள்ளே இருப்பவர்களிடமே விட்டால், வெளியே நிற்பவர் எத்தனை தலைமுறை காத்திருப்பது?

கேள்வி: மனித உரிமை என்பது மேற்கத்திய நாடுகளின் கண்டுபிடிப்புதானே?
– ஒரு வாசகர்

பதில்: இல்லை. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட உலகப் பிரகடனத்தை எழுதியதில் சீனாவின் பி.சி. சாங்குக்கும் லெபனானின் சார்லஸ் மாலிக்குக்கும் பெரிய பங்கு உண்டு. அதன் முதல் விதியில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படக்கூடிய சொல்லை மாற்றி, ‘எல்லா மனிதர்களும்’ என்று வரச் செய்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா.

கேள்வி: வேலைக்கான நேர்காணலில், ‘குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?’ என்று என்னிடம் கேட்டார்கள். பிறகு, ‘வேறு பொருத்தமானவர் கிடைத்துவிட்டார்’ என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. நிரூபிக்க முடியாது, விட்டுவிடு என்கிறார் கணவர்.
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, விட்டுவிடாதீர்கள். முப்பது ஆண்டுகள் தொழிலாளர் வழக்குகளை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆவணங்கள் எல்லாம் எதிர்த்தரப்பின் அலமாரியில்தான் இருக்கும். இதை உணர்ந்துதான் ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் ஒரு விதி வகுத்தது. பாலினப் பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கருத இடம் தரும் உண்மைகளைப் பெண் காட்டிவிட்டால் போதும்; பாகுபாடு காட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். இத்தகைய விதி எல்லா நாடுகளிலும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த உண்மைகள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்றே எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி, அறையில் யார் யார் இருந்தார்கள், கேட்டவர் யார், கேட்ட சொற்கள் என்ன, நீங்கள் சொன்ன பதில் என்ன. சொற்களைத் திருத்தாமல், நினைவில் உள்ளபடியே எழுதுங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில் எங்களுக்குத் துணை நின்றது, அந்தப் பெண் நேர்காணல் முடிந்த இரவே நாட்குறிப்பில் எழுதிய ஆறு வரிகள். அடுத்து, எந்தத் தகுதியில் நீங்கள் குறைந்தீர்கள் என்று நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். கோபம் வேண்டாம், மூன்று வரி போதும். பதில் வராவிட்டால் அந்த மௌனத்தையும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். பிறகு தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; கணவரையும் உடன் அழைத்துப் போங்கள்.

கடிதத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.