மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் காய்க்கு ஏன் கல்சியம் தெளிக்கிறார்கள்?

கல்சியம் உப்பை நீரில் கரைத்துக் காயின்மேல் நேரடியாக அடிப்பதுதான் கல்சியம் தெளிப்பு. பழத்தின் கலங்களை ஒட்டிவைக்கும் பெக்டினை இறுக்குவது கல்சியம்; செங்கற்களுக்கு இடையே சீமெந்துச் சாந்து மாதிரி. குறைந்தால் பழம் சீக்கிரம் தளரும். அப்பிளில் தோலடியில் கசப்பான பழுப்புக் குழிகளே விழும்.

மண்ணிலுள்ள சுண்ணாம்பிலிருந்து வேர் எடுக்கும் கல்சியம் நீரோட்டத்தோடுதான் ஏறும். நீரை அதிகம் ஆவியாக்கும் இலைக்கே பெரும்பங்கு போகும், காய்க்குக் கொஞ்சமே சேரும். வெள்ளவத்தை முற்றத்து மாமரத்திலும் இதே கதைதான்.

லீற்றருக்கு 5 கிராம் கல்சியம் குளோரைட்டு, பிஞ்சுப் பருவத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் தணிந்த மாலையில். நண்பகலில் அடித்தால் இலையோரம் கருகும். பொஸ்பேற்று, சல்பேற்று உரங்களோடு கலக்கவே வேண்டாம்: வீழ்படிவாகித் தெளிகருவியின் வாயை அடைக்கும்.

இலையை நனைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். இலைக்குள் போன கல்சியம் காய்க்குத் திரும்பி வராது, காயின் தோலே நனைய வேண்டும்.