விக்ஸா, வேர்ட்பிரஸா, ஷாப்பிஃபையா? முதலில் வெளியே போகும் வழியைப் பாருங்கள்

கேள்வி: அலுவலகங்களுக்கு உள்அலங்கார வேலை எடுத்துச் செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. இதுவரை சமூக ஊடகப் பக்கங்களை வைத்தே ஓட்டிவிட்டோம். இனி விளம்பரம் கொடுத்து வாடிக்கையாளர்களை வரவழைக்க ஒரு வலைத்தளம் வேண்டும். அது தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும். மூன்று வடிவமைப்பாளர்களிடம் கேட்டோம். ஒருவர் வேர்ட்பிரஸ் என்கிறார், ஒருவர் விக்ஸ், இன்னொருவர் ஷாப்பிஃபை. தொழில்நுட்பம் தெரிந்தவர் எங்களிடம் யாரும் இல்லை. சமூக ஊடகத்தைக் கவனிக்கும் பெண்தான் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வேர்ட்பிரஸ், விக்ஸ், ஷாப்பிஃபை மூன்றும் வலைத்தளம் கட்ட உதவுபவை, பிளாட்ஃபார்ம் என்பார்கள். மூன்று பேருமே தங்கள் கைக்குப் பழகியதைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வலைத்தளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அதோடு தினமும் மல்லுக்கட்டப் போவது உங்கள் அலுவலகத்துப் பெண். அதனால் அவரை மனத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் சொன்ன நிலைமைக்கு என் பரிந்துரை விக்ஸ். எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமையில் ஒன்றிரண்டு விஷயங்கள் மாறினால் பதிலும் மாறிவிடும்.

முதலில் ஷாப்பிஃபையைக் கழித்துவிடலாம். அது 2006-இல் தொடங்கியதே பொருள் விற்பதற்காகத்தான். சரக்கு இருப்பு, கூடை, கட்டணம், அனுப்பீடு என்று அதன் உள்கட்டமைப்பு முழுவதும் கடைக்கானது. அந்த வேலையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றே சொல்லலாம். நீங்கள் விற்பது சேவை. உங்களுக்கு வேண்டியது நல்ல படங்கள், நம்பிக்கை தரும் விளக்கம், ஒரு விசாரணைப் படிவம். நாளை மேசை நாற்காலிகளை நேரடியாக விற்கத் தொடங்கினால் அப்போது ஷாப்பிஃபையைப் பற்றிப் பேசலாம்.

விக்ஸ், வேர்ட்பிரஸ் இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன், இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டொமைன், அதாவது உங்கள் வலைத்தளத்தின் முகவரி, உங்கள் பெயரில் பதிவாகி இருக்கட்டும். வடிவமைப்பாளர் பெயரிலோ அவருடைய மின்னஞ்சலிலோ வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூகுள் தன் பிசினஸ் ப்ரொஃபைலோடு (தேடலில் உங்கள் தொழிலின் விவரங்களைக் காட்டும் பக்கம்) சேர்த்து இலவசமாக ஒரு சின்ன வலைத்தளம் கட்டும் வசதியைக் கொடுத்து வந்தது. ஏராளமான சிறு தொழில்கள் அதையே தங்கள் முகவரியாகப் பயன்படுத்தின. 2024 மார்ச்சில் கூகுள் அதை மூடியது. பழைய முகவரிக்கு வந்தவர்களை ஜூன் 10 வரை ப்ரொஃபைல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள், அதோடு சரி. விசிட்டிங் கார்டிலும் பலகையிலும் அந்த முகவரியை அச்சிட்டு வைத்திருந்தவர்களுக்கு அது ஒன்றுக்கும் உதவாமல் போனது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதைப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டு வேலையைப் பார்க்க முடிந்தது. கூகுளே மூடுகிறது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் விக்ஸின் இலவசத் திட்டத்தோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன். அதில் சொந்த டொமைனை இணைக்க முடியாது, பக்கத்தில் அவர்களுடைய விளம்பரமும் வரும். கட்டிப் பார்க்க, கற்றுக்கொள்ள இலவசத் திட்டம் போதும். விளம்பரத்துக்குப் பணம் போடும் அன்று சொந்த முகவரி தயாராக இருக்க வேண்டும். டொமைனையும் பிளாட்ஃபார்மிலேயே வாங்காமல் தனியாக ஒரு பதிவு நிறுவனத்தில் வாங்குவது என் விருப்பம். நாளைக்குப் பிளாட்ஃபார்மை விட்டு விலகினாலும் டொமைன் இருந்த இடத்திலேயே இருக்கும். மின்னஞ்சலுக்கும் இதே கதைதான். வலைத்தளம் இருக்கும் ஹோஸ்டிங்கிலேயே, அதாவது அதன் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடத்திலேயே, அலுவலக மின்னஞ்சலையும் வைத்தால், ஒன்றை மாற்றும்போது இன்னொன்றும் நின்றுபோகும்.

சரி, இப்போது வெளியே போகும் வழி. எந்த பிளாட்ஃபார்மானாலும் உள்ளே வருவது சுலபம், அதற்காகவே கோடிகளைக் கொட்டி வேலை செய்கிறார்கள். மூன்று வருடம் கழித்து வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் என்ன கையோடு வரும் என்று கேளுங்கள். விக்ஸில் கட்டியதை அப்படியே தூக்கி வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. இதை அவர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள். விக்ஸ் போன்ற இன்னொரு சேவையான ஸ்குவேர்ஸ்பேஸில் பக்கங்களையும் பதிவுகளையும் வேர்ட்பிரஸ் ஏற்கும் கோப்பாக எடுக்கலாம், ஆனால் வடிவமைப்பு வராது. ஷாப்பிஃபையில் பொருள் பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் வரும், கடையின் தோற்றம் அங்கேயே நின்றுவிடும். வேர்ட்பிரஸில், அதாவது சொந்த ஹோஸ்டிங்கில் நிறுவும் திறமூல (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்) வேர்ட்பிரஸில், கோப்புகள், டேட்டாபேஸ், படங்கள் எல்லாம் உங்களுடையவை. மொத்தமாக எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைத்தால் ஓடும். 2003-லிருந்து இருக்கும் மென்பொருள், இன்று உலகத்தில் உள்ள வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதனால் வேலை தெரிந்த ஆளுக்கும் பஞ்சமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வேர்ட்பிரஸ் என்றாலே சுதந்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பல வடிவமைப்பாளர்கள் அதன் மேல் ஒரு பேஜ் பில்டர் பிளகினை, அதாவது பக்கம் வடிவமைக்கும் கூடுதல் மென்பொருளைப் போட்டுத்தான் பக்கங்களைக் கட்டுகிறார்கள். அந்த பிளகினை நிறுத்தினால் பக்கம் அலங்கோலமாகிவிடும். சிலவற்றில் உரைக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகளும் குறியீடுகளுமாக மிஞ்சும். வேர்ட்பிரஸிலேயே 2018 டிசம்பரிலிருந்து பக்கங்களைக் கட்ட பிளாக் எடிட்டர் என்ற கருவி இருக்கிறது. உங்கள் அளவுக்கு அதுவே தாராளம். அதிலேயே கட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை. திறமூல மென்பொருளை வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் இறக்கிக்கொள்ளலாம். வடிவமைப்பாளர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வேர்ட்பிரஸ் இவ்வளவு நல்லது என்றால் ஏன் அதைச் சொல்லவில்லை? பராமரிப்புதான் காரணம். வேர்ட்பிரஸில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும்பகுதி பிளகின்களிலும், தோற்றத்தைத் தரும் தீம்களிலும்தான் இருக்கின்றன. அவற்றை விடாமல் அப்டேட் செய்ய வேண்டும். அப்டேட் செய்ததும் ஏதாவது உடைந்ததா என்று பார்க்க வேண்டும். உடைந்தால் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். இதைச் செய்ய ஒரு ஆளோ, மாதாந்திர ஒப்பந்தமோ இல்லாத வேர்ட்பிரஸ் வலைத்தளம் என்றைக்காவது ஹேக் ஆகி, விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு எங்கோ திருப்பிவிடும் நிலைமை வரும். உங்களிடம் அந்த ஆள் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்றவற்றில் இந்த வேலை முழுவதையும் அவர்களே செய்துவிடுவார்கள். வெளியேறும் சுதந்திரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நீங்கள் வாங்குவது இந்த நிம்மதியைத்தான். உங்களுக்கு அது நல்ல பேரமே.

அடுத்தது மார்க்கெட்டிங். இங்கேதான் பலரும் டெம்ப்ளேட்டின் அழகைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். விளம்பரம் ஓட்டுகிறவருக்கு முகப்புப் பக்கத்தை விட, விளம்பரத்தைத் தட்டியதும் திறக்கும் லேண்டிங் பேஜ்தான் முக்கியம். ஒரு விளம்பரம், அதற்கு ஒரே ஒரு பக்கம், அதில் ஒரே ஒரு படிவம். புது விளம்பரம் போடும்போதெல்லாம் புதுப் பக்கம் வேண்டும். அதை வடிவமைப்பாளரைக் கூப்பிடாமல் ஒரு மதியத்துக்குள் கட்ட முடிகிறதா என்பதே பிளாட்ஃபார்முக்கான உண்மையான தேர்வு.

ஆகவே பணம் கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள். விக்ஸில் இலவசக் கணக்கு, ஸ்குவேர்ஸ்பேஸில் 14 நாள் சோதனைக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். அந்தப் பெண்ணையே உட்கார வைத்து, பக்கத்தில் யாரும் நின்று சொல்லித்தராமல், ஒரு லேண்டிங் பேஜ் கட்டச் சொல்லுங்கள். நீங்கள் முடித்த ஒரு வேலையின் படத்தை, போனில் எடுத்த அதே கனமான கோப்பாக, சுருக்காமல் ஏற்றச் சொல்லுங்கள். தமிழில் ஒரு பெரிய தலைப்பு, ஆங்கிலத்தில் அதற்கு இணையான பக்கம், ஒரு படிவம், படிவத்தை அனுப்பியதும் தனி முகவரியில் திறக்கும் நன்றிப் பக்கம். நன்றிப் பக்கம் ஏன் தனி முகவரியில் என்றால், அந்தப் பக்கம் எத்தனை முறை திறந்தது என்பதை வைத்து எந்த விளம்பரம் விசாரணை கொண்டுவந்தது என்று எளிதாக எண்ணலாம்.

பிறகு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், சாதாரண போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதன்மைப் படமோ தலைப்போ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் கணக்கைச் சொல்லிவிடும். தமிழ்த் தலைப்பை உற்றுப் பாருங்கள். டெம்ப்ளேட்டின் எழுத்துரு தமிழுக்கு இல்லையென்றால் போன் தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். ஆங்கிலத் தலைப்பு மிடுக்காகவும் தமிழ்த் தலைப்பு ஒட்டாமலும் நிற்கும். வரி இடைவெளி போதாமல் மேல்சுழிகள் மேல்வரியில் இடிக்கும். இரண்டும் சரிசெய்யக் கூடியவை, ஆனால் அதற்கான அமைப்பு அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் படுகிறதா என்பதே கேள்வி.

பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் எழுத்துக்குறி ஒன்று முகவரிக்குள் போகும்போது ஒன்பது குறிகளாக விரிகிறது. நகல் எடுத்து ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீளத்துக்கு வந்து நிற்கும். வேர்ட்பிரஸில் பக்கப் பெயருக்கு 200 குறிகள்தான் எல்லை. ஆகவே 22 தமிழ்க் குறிகளைத் தாண்டினாலே வால் அறுந்துவிடும், கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதில் தனித்தனிக் கணக்கு.

இரண்டு மொழி விஷயத்தில் விக்ஸுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பு. பன்மொழி வசதி உள்ளேயே இருக்கிறது. ஸ்குவேர்ஸ்பேஸில் அதற்கு வெளிச் சேவை ஒன்றை இணைக்க வேண்டும். வேர்ட்பிரஸில் பாலிலேங் போன்ற பிளகின்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் மேலே சொன்ன பராமரிப்புப் பட்டியலில் இன்னொன்று சேரும். இயந்திர மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் படிக்கும் முதல் வரியே கரடுமுரடாக இருந்தால் மீதியைப் படிக்க மாட்டார்.

விக்ஸ் கூகுள் தேடலில் வராது என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது ஃபிளாஷ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் விக்ஸ் ஓடிய காலத்துப் பேச்சு. தலைப்பு, விவரக் குறிப்பு, பக்கங்களின் பட்டியலான சைட்மேப், பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பும் 301 என்று தேடலுக்கு வேண்டிய அடிப்படை எல்லாம் இன்று அதில் உண்டு. பிளாட்ஃபார்மின் பெயரைப் பார்த்துக் கூகுள் மதிப்பெண் போடுவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. கூகுள் இப்போது உங்கள் வலைத்தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. விக்ஸில் மொபைல் திரைக்கென்று சில பகுதிகளை மறைத்துவைக்க முடியும். இடம் போதவில்லை என்று நல்ல விளக்கப் பத்தியை மறைத்தால், கூகுள் கணக்கில் அது இல்லாததற்குச் சமம்.

படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் காசு கரைவது பெரும்பாலும் இங்கேதான். விளம்பரம் ஓடும், ஆட்கள் படிவத்தை நிரப்புவார்கள், மின்னஞ்சல் ஸ்பாமுக்குப் போய்விடும். வேர்ட்பிரஸில் இது அடிக்கடி நடக்கும், காரணம் வலைத்தளம் இருக்கும் சர்வர் நேரடியாக அனுப்பும் கடிதங்களை மின்னஞ்சல் நிறுவனங்கள் அவ்வளவாக நம்புவதில்லை. எஸ்.எம்.டி.பி. வழியாக, அதாவது உங்கள் மின்னஞ்சல் கணக்கின் வழியே, அனுப்பும்படி அமைத்தால் சரியாகும். எந்த பிளாட்ஃபார்மானாலும், வந்த விசாரணைகள் டேஷ்போர்டிலும் (வலைத்தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) சேமிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். வேர்ட்பிரஸில் மிகப் பிரபலமான படிவ பிளகின் கான்டாக்ட் ஃபார்ம் 7 தானாக எதையும் சேமிக்காது, மின்னஞ்சல் தொலைந்தால் விசாரணையும் தொலைந்தது. விளம்பரம் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஜிமெயில் ஒன்று, வேறு நிறுவன மின்னஞ்சல் ஒன்று என்று இரண்டிலிருந்து நீங்களே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

என் பதில் எப்போது மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு கட்டுரை எழுதி, தேடல் வழியாகவே ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்று திட்டமிருந்தால், நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேரும் என்றால், வேர்ட்பிரஸுக்குப் போங்கள். அவ்வளவு உழைப்பை வெளியே எடுக்க முடியாத இடத்தில் கொட்டக் கூடாது. அந்த வடிவமைப்பாளர் அப்டேட், பேக்கப், மீட்பு மூன்றையும் எழுத்தில் ஏற்று மாதாந்திர ஒப்பந்தம் போடத் தயார் என்றாலும் அவர் பக்கம் சாயலாம். இல்லையென்றால் பத்துப் பக்கத்துக்குள் விக்ஸில் தொடங்குங்கள், அகலக்கால் வைக்க வேண்டாம்.

விக்ஸில் போடும் ஒவ்வொரு பக்கத்தின் உரையையும் மூலப் படங்களையும் உங்கள் கணினியில் பக்கத்துக்கு ஒரு ஃபோல்டராக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு விரிதாளில் எல்லாப் பக்கங்களின் முகவரிகளும் இருக்கட்டும். இடம் மாறும் நாளில் 301 போட அந்தப் பட்டியல் வேண்டும். எந்த வடிவமைப்பாளரை அமர்த்தினாலும் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் டொமைன், பிளாட்ஃபார்ம், கூகுள் அனலிடிக்ஸ் (வருகைகளை எண்ணும் கருவி), சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் வலைத்தளத்தின் நிலையைக் காட்டும் கருவி), விளம்பரக் கணக்கு ஐந்துக்கும் உரிமையாளராக உங்கள் நிறுவன மின்னஞ்சல் இருக்கிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். வடிவமைப்பாளருக்கு நிர்வாகி அனுமதி மட்டும் போதும்.